ரேடியேட்டரில் குடிதண்ணீர்

“இந்தப் பிள்ளையா எனக்க வண்டியப் பிரிச்சது? எனக்கு அப்பவே ஒரு சந்தேகம் உண்டு, அண்ணாச்சி.”

அவர் இதை என்னைப் பார்த்துச் சொல்லவில்லை. நான் இரண்டடி தள்ளி, கை துடைக்கும் துணியோடு நின்றிருந்தேன். வாசலில் இழுவை லாரியின் மேல் அவருடைய வண்டி கட்டப்பட்டிருந்தது. இரண்டே கதவுகள் கொண்ட சிவப்பு ஸ்போர்ட்ஸ் கார். நின்றால் என் நெஞ்சு உயரம்கூட வராது. அதன் மூக்கிலிருந்து இன்னும் சொட்டிக்கொண்டிருந்தது. லாரிக்காரர் சங்கிலியை அவிழ்ப்பதற்குள் ஒரு ஈரக்கோடு சிமெண்டுத் தரையில் ஓடி வடிகாலைத் தொட்டுவிட்டது.

வண்டிக்காரர் வளைகுடாவில் எண்ணெய்க் கிணற்றில் வேலை பார்ப்பவர். எங்கள் மாவட்டத்துக் கடற்கரை ஊர் ஒன்றில் வீடு. விடுமுறைக்கு வந்த மூன்றாம் நாள், திருவட்டாறில் நண்பர் வீட்டுக் கல்யாணத்துக்கு இந்த வண்டியில் கிளம்பியிருக்கிறார். நெய்யூர் தாண்டியதும் சூட்டு முள் சிவப்புக்கு ஏறியது. பானெட் இடுக்கிலிருந்து ஆவி வந்தது. பட்டு வேட்டியோடு ரோட்டோரம் நின்றிருக்கிறார்.

“ஸ்கூலுக்குப் போற பயலுவ எல்லாம் செல்ஃபி எடுக்கான், அண்ணாச்சி. வண்டி செத்துக் கெடக்கு. அதுக்க முன்னால நின்னு சிரிச்சுட்டு செல்ஃபி.”

எட்டு மாதங்களுக்கு முன்பு அந்த வண்டிக்கு முழு சர்வீஸ் செய்தவள் நான்தான். இஞ்சினைச் சுற்றி ஓடி அதன் சூட்டை வாங்கிக்கொண்டு போகிற நிறத் திரவத்துக்குக் கூலண்ட் என்று பெயர். பழைய கூலண்டை வடித்துப் புதியதை நிரப்பியது, இரண்டு ரப்பர் குழாய்களை மாற்றியது, கிளிப்புகளை முறுக்கியது எல்லாம் என் கை. ஜாப் கார்டில் என் கையெழுத்து இருந்தது. கூலண்ட் ஒழுகினால் கடைசியாகக் கை வைத்தவரைத்தான் முதலில் கேட்பார்கள். நானும் அப்படித்தான் கேட்டிருப்பேன். ஆனால் ‘இந்தப் பிள்ளையா’ என்று கேட்டிருக்க மாட்டேன்.

அண்ணாச்சி எங்கள் பட்டறை முதலாளி. கோட்டாற்றுக் கடைத்தெரு முடிகிற இடத்தில் பட்டறை. யார் முன்னாலும் குரலை உயர்த்தமாட்டார். அன்றும் உயர்த்தவில்லை. வண்டிக்காரர் ஆட்டோ பிடித்துப் போனபிறகு என்னைக் கூப்பிட்டார். மூத்த மெக்கானிக்கும் பக்கத்தில் நின்றார்.

“கேட்டுக்க பிள்ளே. நாளைக்கு சாயங்காலம் அவரு வருவாரு. எங்க ஒழுகுதுன்னு நீயே கண்டுபிடிச்சுச் சொல்லு. உனக்க வேலையில கொறைன்னா ஸ்பேனரக் கீழ வச்சிரணும். உன்னைப் போவச் சொல்லமாட்டேன். முன்னால மேசையில உக்காந்து போன் எடு, கார்டு எழுது. லிஃப்டுப் பக்கம் வரப்படாது.”

“சரி அண்ணாச்சி” என்றேன்.

முன்மேசை எனக்குப் புதிதில்லை. பாலிடெக்னிக்கில் ஆட்டோமொபைல் படித்துவிட்டு இங்கே சேர்ந்தபோது ஒரு வருடம் அங்கேதான் உட்கார வைத்தார்கள். வகுப்பில் நான் ஒருத்திதான் பெண். மதிப்பெண்ணில் எனக்கு மேலே யாரும் இல்லை. எங்கள் வீட்டில் எனக்கு முன்னால் யாரும் எட்டாம் வகுப்பைத் தொட்டதில்லை. அப்பா கட்டுமரத்தில் தொடங்கி ஃபைபர் வள்ளத்துக்கு வந்தவர். கையெழுத்துப் போடவேண்டிய இடத்தில் பெருவிரலை வைப்பார். அம்மா மீன் பாத்திரத்தோடு விடியற்காலை பஸ்ஸில் கோட்டாற்றுச் சந்தைக்கு வருவாள். மேசையை விட்டு எழுந்து வண்டியைத் தூக்கி நிறுத்தும் லிஃப்டுக்கு அடியில் போய் நிற்க எனக்கு ஒரு வருடம் ஆயிற்று. அந்த வருடத்தில் நான் போனில் “வணக்கம், சொல்லுங்க சார்” என்று சொன்ன குரல் இப்போதும் என் காதில் இருக்கிறது. அதற்குத் திரும்பிப் போவதைவிட வீட்டில் இருந்துவிடலாம்.

வண்டியை உள்ளே ஏற்றுவதே பெரும்பாடாக இருந்தது. லிஃப்டின் இரும்புக் கைகள் அதன் வயிற்றுக்கு அடியில் நுழையவில்லை. சக்கரங்களின் கீழே தென்னம்பலகைகளைப் போட்டு உயர்த்திப் பிறகுதான் கைகளைச் செலுத்தினோம்.

“சவத்து வண்டி” என்றார் மூத்த மெக்கானிக். “இதுக்க அடியில பூனை போவாது. நம்ம ரோட்டுக்கு இது என்னத்துக்கு? வேளிமலைய இடிச்சு சமமாக்கிப் போட்டாத்தான் ஓடும்.” பலகையை உதைத்துச் சரிசெய்துவிட்டு என்னிடம் குனிந்தார். “ஏட்டி, கிளிப்ப நல்லா முறுக்கினியா இல்லியா? எனக்கிட்ட மட்டும் சொல்லு.”

“முறுக்கினேன் அண்ணே.”

“பாப்போம்.”

இஞ்சின் ஆறும்வரை காத்திருந்தேன். சூட்டில் கூலண்ட் தொட்டியின் மூடியைத் திறந்தால் முகம் வெந்துபோகும். மதியம் கழிந்து, துணியைப் போட்டு மெதுவாகத் திருகித் திறந்தேன். உள்ளே டீ நிறத்தில் கலங்கிய தண்ணீர். மேலே வெள்ளையாக நுரை மாதிரி ஒரு படலம். நான் ஊற்றியது ரோஸ் நிறம். எட்டு மாதத்தில் அது இப்படி ஆகாது. எட்டு வருடத்திலும் ஆகாது.

சந்தோஷப்படுவதற்கு முன் வேறொன்றைப் பார்க்க வேண்டியிருந்தது. அளவுக்கு மேல் சூடான இஞ்சினில் மேல்பாகம் வளைந்துவிட்டால் எரிந்த புகை கூலண்டுக்குள் கலக்கும். அப்படியானால் ஒழுக்கைக் கண்டுபிடித்தும் பிரயோஜனமில்லை, இஞ்சினே போய்விட்டது என்று அர்த்தம். அதற்கு ஒரு நீலத் திரவம் உண்டு. கண்ணாடிக் குழலில் ஊற்றித் தொட்டியின் வாயில் வைத்து, இஞ்சினைக் கொஞ்ச நேரம் ஓட்ட வேண்டும். புகை கலந்திருந்தால் மஞ்சளாகிவிடும். நான் அதையே பார்த்துக்கொண்டு நின்றேன். நீலமாகவே இருந்தது.

அடுத்து ஒரு சொட்டை எடுத்து, வெளிச்சத்தில் பார்க்கும் சின்னக் குழாயின் கண்ணாடியில் வைத்தேன். கூலண்ட் எவ்வளவு, தண்ணீர் எவ்வளவு என்று காட்டுகிற கருவி அது. கோடு அடிமட்டத்தில் நின்றது. கூலண்டே இல்லை. அத்தனையும் வெறும் தண்ணீர்.

இஞ்சினை மறுபடியும் ஆறவிட்டுக் கைப்பம்பை எடுத்தேன். தொட்டியின் வாயில் அதைப் பொருத்திக் காற்றை அடித்தால் வண்டி ஓடும்போது இருக்கிற அழுத்தம் உள்ளே வரும். ஓட்டை எங்கேயோ அங்கே கசியும். அடித்துவிட்டு முள்ளைப் பார்த்தேன். கொஞ்சம் கொஞ்சமாக இறங்கியது. வண்டியைத் தூக்கி, அடித்தட்டைக் கழற்றி, விளக்கோடு கீழே போனேன். முதலில் என் கிளிப்புகள். இரண்டும் தூசி படிந்து உலர்ந்திருந்தன. விரலால் தடவினேன். பஸ்ஸில் பர்ஸ் இருக்கிறதா என்று திரும்பத் திரும்பத் தொட்டுப் பார்ப்பதுபோல மறுபடியும் தடவினேன். ஈரமில்லை.

ரேடியேட்டரின் அடியில் தண்ணீர் வடிப்பதற்கு ஒரு பிளாஸ்டிக் திருகு உண்டு; அடித்தட்டில் இருக்கும் இடைவெளி வழியே கை விட்டால் எட்டும். அதன் தலை கடிபட்டிருந்தது. குறடால் பிடித்துத் திருகிய பற்களின் தடம். ஒருமுறை பிடித்தது அல்ல. தடத்தின் மேல் தடமாக, எத்தனையோ தடவை திறந்து மூடியிருந்தார்கள். எங்கள் பட்டறையில் அதைக் குறடால் தொட்டால் அண்ணாச்சி பேசியே கொன்றுவிடுவார்.

திருகிலும் ஒழுக்கு இல்லை. ஒழுகியது இஞ்சினின் முன்பக்கம், கூலண்டைச் சுற்றி ஓடவிடும் வாட்டர் பம்பிலிருந்து. அதன் அச்சுக்குக் கீழே சின்னத் துளை ஒன்று இருக்கும். உள்ளேயிருக்கும் சீல் கெட்டால் அதன் வழியே கசிந்து காட்டிக்கொடுக்கும். நேராகப் பார்த்தால் அந்த இடம் தெரியாது. கம்பியில் கட்டிய கண்ணாடியை உள்ளே விட்டுப் பார்த்தேன். துளையிலிருந்து கீழே வெள்ளையாக ஒரு பொருக்கு இறங்கியிருந்தது. அதன் நுனியில் சொட்டு திரண்டு, விழுந்து, மறுபடி திரண்டது.

பம்பைக் கழற்றி வெளியே எடுத்தபோது நேரம் நாலு தாண்டியிருந்தது. தண்ணீரைத் தள்ளும் இதழ்கள் அரித்துப்போய் ஓரங்கள் கிழிந்த தகரம் மாதிரி இருந்தன. அலுமினியக் கூட்டின் உட்புறம் முழுவதும் வெள்ளைப் பொடி. விரலில் எடுத்துத் தேய்த்தேன்.

அந்தப் பொடியைப் பற்றி நான் பாலிடெக்னிக்கில் படிக்கவில்லை. எங்கள் வீட்டில் அப்பா வள்ளத்தின் பின்னால் மாட்டும் அவுட்போர்டு மோட்டாரில் அது வரும். கடலில் ஓடும் இஞ்சின் கடல்நீரையே உறிஞ்சிச் சூட்டைத் தணித்துக்கொள்ளும். கரை ஏறியதும் அதைத் தூக்கிக்கொண்டு வந்து, நல்ல தண்ணீர் நிரப்பிய பீப்பாயில் அதன் காலை இறக்கி ஓடவிடுவார்கள். உப்பெல்லாம் கழுவிப் போகும்வரை ஓடும். கழுவாமல் வைத்தால் இந்த வெள்ளைப் பொடி பூக்கும். சின்ன வயதில் நானும் தம்பியும் அதை பிளேடால் சுரண்டியிருக்கிறோம். எங்கள் கரையில் ஒரு மனிதர் சோம்பேறியா இல்லையா என்று அவர் இஞ்சினைப் பார்த்துச் சொல்லிவிடுவார்கள்.

குறடின் தடம், வெறும் தண்ணீர், இந்தப் பொடி. யார் செய்தது, ஏன் செய்தார் என்பதெல்லாம் அந்த நிமிடத்திலேயே எனக்குத் தெரிந்துவிட்டது. என் மேல் குற்றமில்லை என்பதும் தெரிந்தது. கைகழுவப் போனவள் குழாயைத் திறந்துவிட்டபடி நின்றேன். எட்டு மாதத்துக்கு முந்தைய மத்தியானம் ஒன்று நினைவுக்கு வந்ததுதான் காரணம்.

சர்வீஸ் முடிந்த வண்டியை வீட்டில் கொண்டுபோய் விட்டவளும் நான்தான். வண்டிக்காரர் முந்தின நாளே விமானம் ஏறிவிட்டார். அவருடைய அப்பாவிடம் ஒப்படைக்கச் சொல்லியிருந்தார். அந்த ஊர் எங்கள் ஊரிலிருந்து இரண்டு ஊர் தள்ளி. மணல் ஏறிய ரோட்டில் அந்தச் சிவப்பு வண்டியை ஓட்டிக்கொண்டு போனபோது வலை பின்னிக்கொண்டிருந்தவர்கள் எழுந்து நின்று பார்த்தார்கள். எனக்குப் பெருமையாக இருந்தது. அதை மறைக்கவில்லை.

பெரியவர் வாசலில் லுங்கியும் தோளில் துண்டுமாகக் காத்திருந்தார். கேட்டின் இரண்டு பக்கத்தையும் விரியத் திறந்துவைத்திருந்தார். பாலில்லாத கட்டஞ்சாயா கொடுத்தார். நான் குடித்து முடிப்பதற்குள் வண்டியை இரண்டு முறை சுற்றி வந்துவிட்டார்.

“மக்கா, நீ எந்த ஊரு?”

“நாகர்கோவில்தான் சார்.”

இது பொய். ஏன் சொன்னேன் என்று விளக்க நீண்ட நேரம் ஆகும். பள்ளிக்கூடம் போகும் பஸ்ஸில் அம்மா மீன் பாத்திரத்தோடு ஏறினால் என் பக்கத்துச் சீட்டுக்காரிகள் எழுந்து முன்னால் போவார்கள். பாலிடெக்னிக்கில் நான் வாய் திறந்தால் எங்கள் கடற்கரை இழுவையை ஒருவன் பாடிக் காட்டுவான். அதன்பிறகு நான் வேறு தமிழ் பேசினேன். இடையிடையே ஆங்கிலம் போட்டுக்கொண்டேன். பட்டறையில் யாருக்கும் என் ஊர் தெரியாது. கோட்டாற்றில் அறை எடுத்து இருந்ததால் சொல்ல வேண்டியும் வரவில்லை.

பெரியவர் என் முகத்தைக் கொஞ்ச நேரம் பார்த்தார். “ஓ” என்றார். பிறகு கேட்டார்: “இதுக்கு வெள்ளம் பாக்கணுமா மக்கா?”

தண்ணீர் பார்க்கவேண்டுமா என்று கேட்கிறார். எங்கள் ஊராக இருந்திருந்தால், “மாமா, இது வள்ளத்துக்க இஞ்சின் மாதிரி இல்ல, இதுல வெள்ளமே ஊத்தப்படாது, கழுவவும் படாது, கேட்டியளா” என்று சொல்லியிருப்பேன். ஒரே மூச்சு. அவருக்குப் போதும்.

நான் சொன்னது இது: “கூலண்ட் லெவல் மட்டும் மெயின்டெயின் பண்ணுங்க சார். டாப்-அப் தேவைப்பட்டா பிரீமிக்ஸ்தான் யூஸ் பண்ணணும்.”

அவர் தலையை ஆட்டினார். ‘வாடிக்கையாளருக்கு விளக்கப்பட்டது’ என்று கார்டில் அச்சடித்த கட்டத்தில் நான் டிக் போட்டேன். பஸ் பிடித்துத் திரும்பினேன்.

மறுநாள் சாயங்காலம் வண்டிக்காரர் வந்தார். கூடப் பெரியவரும் வந்திருந்தார். ஆட்டோவிலிருந்து இறங்கி, லிஃப்டில் தூக்கி நிறுத்திய வண்டியின் அடிவயிற்றைப் பார்த்ததும் நெஞ்சில் சிலுவை போட்டுக்கொண்டார். நான் பம்பை ஒரு தட்டில் வைத்திருந்தேன். கிளிப்புகளைத் தொட்டுப் பார்க்கச் சொன்னேன். பிறகு டீ நிறத் தண்ணீரைக் கண்ணாடிப் பாட்டிலில் காட்டினேன். இதில் இருப்பது வெறும் தண்ணீர், அதுதான் பம்பை அரித்துவிட்டது, இஞ்சின் மேல்பாகத்துக்குச் சேதமில்லை என்று ஒவ்வொன்றாகச் சொன்னேன். என் குரல் உறுதியாக இருந்தது. மூத்த மெக்கானிக் மெல்லத் தலையாட்டினார்.

வண்டிக்காரர் குழம்பினார். “அப்ப யாரு இதுல வெள்ளம் ஊத்தினது?”

பெரியவர் தொண்டையைச் செருமினார்.

“நான்தாம்லே.”

“நீங்களா? என்னத்துக்குப்பா?”

“நீதானல சொன்ன, வாரத்துல ரெண்டு நாளு ஸ்டார்ட் பண்ணி வையிங்கன்னு. சாயங்கால ஜெபம் முடிஞ்சதும் பண்ணினேன். ஓடின இஞ்சினக் கழுவாம வைக்கலாமா? கீழ ஒரு திருகு உண்டு. அதத் தொறந்துவிட்டு, மேல நல்ல வெள்ளம் ஊத்தி, தெளிஞ்சு வாறது வரைக்கும் விட்டேன்.” மகன் முகத்தைப் பார்த்துவிட்டு அவசரமாகச் சேர்த்தார்: “குடிக்கிற வெள்ளம்தாம்லே. உனக்க அம்மை கொடத்துல பிடிச்சு வச்சது. அதுக்கு அவ எனக்கிட்ட எவ்வளவு சண்டை. குழாயில வராத வாரம் மட்டும்தான் கெணத்து வெள்ளம்.”

மூத்த மெக்கானிக் சிரித்துவிட்டார். பிறகு தரையைப் பார்த்தார்.

“இது வள்ளமாப்பா? அவுட்போர்டும் இதும் உங்களுக்கு ஒண்ணா?”

“இஞ்சின் இஞ்சின்தானல.”

“பேசாதீங்க. மானம் போவுது.”

அண்ணாச்சி என் பக்கம் திரும்பினார். “டெலிவரி குடுக்கும்போ இவருட்ட எல்லாம் சொன்னியா பிள்ளே?”

கார்டு அவர் கையில் இருந்தது. டிக் இருந்தது. நான் வாயைத் திறந்தேன். என்ன சொல்லியிருப்பேன் என்று இன்றைக்கும் எனக்கு உறுதியில்லை. ஆமாம் என்று சொல்லியிருப்பேன் என்றுதான் நினைக்கிறேன்.

பெரியவர் முந்திக்கொண்டார். “பிள்ளை சொல்லிச்சு. நின்னு வெவரமாட்டுச் சொல்லிச்சு. எனக்க மண்டையில ஏறல்ல.”

அதோடு முடிந்தது. அண்ணாச்சி கார்டை மடித்தார். வண்டிக்காரர் என்னிடம் மன்னிப்புக் கேட்கவில்லை. ஆனால், “நல்லா பாத்திருக்கீங்க” என்று முதல்முறையாக நேராக என்னிடம் சொன்னார். பிறகு அப்பாவிடம் கையை நீட்டினார். “வீட்டுல இருக்க இன்னொரு சாவி எங்க?” பெரியவர் லுங்கி மடியிலிருந்து சாவியை எடுத்தார். சின்னச் சாமான்தான், மடியிலிருந்து பிரித்தெடுக்க அவருக்கு நேரமாயிற்று.

எனக்கு லிஃப்டு மிஞ்சியது; முன்மேசைக்குப் போக வேண்டியதில்லை.

புதுப் பம்பு கொச்சியிலிருந்து வர நாட்களாயின. அதற்குள் வண்டிக்காரர் திரும்பிப் போய்விட்டார். நான் பழைய கேஸ்கட்டின் மிச்சத்தைச் சுரண்டி, பரப்பைத் துடைத்து, புதுப் பம்பைப் பொருத்தினேன். தெர்மோஸ்டாட்டையும் மாற்றினேன். பாட்டரிக்கு ஊற்றும் சுத்த நீரை உள்ளே விட்டு, ஓட்டி, வடித்து, மறுபடி விட்டு, நிறம் தெளிந்து வரும்வரை கழுவினேன். அப்படிக் கழுவிக்கொண்டிருக்கும்போது பெரியவர் செய்ததும் இதுதானே என்று தோன்றியது. தெளிந்து வரும்வரை. அவர் குனிந்து கீழே கை விட்டுத் திருகை மூடியபோது வேலை நன்றாக முடிந்தது என்றுதான் நினைத்திருப்பார்.

ரோஸ் நிறக் கூலண்டை நிரப்பி, மேல் திருகின் வழியே காற்றை வெளியேற்றினேன். கைப்பம்பை அடித்து அரைமணி நேரம் விட்டேன். முள் அசையவில்லை. இஞ்சினை ஓட்டினேன். விசிறி சுற்றத் தொடங்கி, நின்று, மறுபடி சுற்றியது. ஒரு சொட்டு இல்லை. மூத்த மெக்கானிக் வந்து குனிந்து பார்த்துவிட்டு, “கொள்ளாம்” என்றார். இரண்டு வருடத்தில் அவர் என்னைப் பாராட்டிச் சொன்ன முதல் கொள்ளாம். அதைக் கேட்டதும் பெரியவரின் மடியிலிருந்து வந்த சாவிதான் எனக்கு நினைவுக்கு வந்தது.

வண்டியை வீட்டில் விடும் நாளில் வளைகுடாவிலிருந்து அண்ணாச்சிக்குச் செய்தி வந்தது. சாவியை அம்மாவிடம் கொடுக்கவும், அப்பாவிடம் கொடுக்க வேண்டாம். அண்ணாச்சி அதைப் படித்துக் காட்டினார். “நீயே கொண்டு விட்டுட்டு வா, உனக்குத்தான் வழி தெரியும்” என்றார்.

பெரியவர் கேட்டைத் திறந்தார். வண்டி உள்ளே போகும்போது அதன் பக்கத்தில் வராமல் மதிலோரமாக நின்றார். அவர் மனைவி மாதா கோவிலுக்குப் போயிருந்தார். நான் சாவியைக் கையில் வைத்துக்கொண்டு நின்றேன்.

“அவ வரட்டும் மக்கா. அதுவரைக்கும் நீயே வச்சுக்க.”

அவருக்கும் செய்தி போயிருந்தது. வாசற்படியில் உட்கார்ந்தோம். அவர் வண்டியைப் பார்க்காமல் ரோட்டைப் பார்த்துக்கொண்டிருந்தார். “மாமா” என்று கூப்பிட்டேன். எங்கள் ஊரின் பெயரைச் சொன்னேன். அப்பாவின் பெயரையும் சொன்னேன்.

“தெரியும்” என்றார்.

“எப்ப?”

“அன்னைக்கே. உனக்க அப்பனும் நானும் ஒரு சீசன் ஒரே வள்ளத்துல போனோம்லா. மூக்கும் முழியும் அவன உரிச்சு வச்சிருக்கு.”

“அப்ப ஏன் கேக்கல்ல?”

“நீ நாகர்கோவில்னு சொன்ன. சரி, நாகர்கோவில்.”

எனக்குத் தலை நிமிரவில்லை. “நான் உங்களுக்கு நல்லா சொல்லித் தந்திருக்கணும் மாமா. வெள்ளம் ஊத்தப்படாதுன்னு.”

“நீ சொன்னல்லா. இங்கிலீஷ்ல சொன்ன.” கொஞ்சம் யோசித்துவிட்டுச் சேர்த்தார்: “கேக்க நல்லா இருந்துது. நம்ம கரைப் பிள்ளை இப்படிப் பேசுதேன்னு இருந்துது. அதுல எனக்கு வெள்ளக் காரியம் மறந்தே போச்சு.”

அவர் குத்திக்காட்டவில்லை. உண்மையாகவே அப்படி நினைத்திருந்தார். அதைக் கேட்டு என்னால் அங்கே உட்கார முடியவில்லை. அவர் மனைவி தலையில் முக்காட்டோடு வந்தார். சாவியை அவர் கையில் வைத்தேன். பெரியவர் எழுந்து பின்பக்கம் போய்விட்டார்.

பஸ் நிறுத்தத்தில் நின்று வண்டிக்காரருக்குக் குரல் செய்தி அனுப்பினேன். உங்கள் அப்பாவுக்கு விளங்கும்படி நான் சொல்லவில்லை, சொல்லத் தெரிந்தும் சொல்லவில்லை, அவர் என்னைக் காப்பாற்றத்தான் அப்படிப் பேசினார், சாவியை அவரிடமே கொடுக்கச் சொல்லுங்கள் என்று. அறைக்குத் திரும்பி வெகுநேரம் கழித்து ஒரு கட்டைவிரல் படம் வந்தது. அவ்வளவுதான். அது சரி என்பதா, போ என்பதா தெரியவில்லை.

மறுநாள் காலை அண்ணாச்சியிடமும் சொன்னேன்.

“யாரு கேட்டா உங்கிட்ட?” என்றார். “முடிஞ்ச காரியம்லா?”

“முடியல்ல அண்ணாச்சி.”

“அப்ப டிக் போட்டது பொய்யா?”

“சொன்னேன். அவருக்குப் புரியாத மாதிரி சொன்னேன். அது சொல்லாததுதான்.”

அவர் முகத்தில் கோபம் இருந்த மாதிரி தெரியவில்லை. சலிப்பு இருந்தது. “கொறை உன்மேலன்னா என்ன செய்யணும்னு அன்னைக்கே சொன்னேன். இவன் கேட்டுட்டு நின்னான்” என்று மூத்த மெக்கானிக்கைக் காட்டினார். “இப்ப நான் மாத்திப் பேசினா நாளைக்கு எவன் கேப்பான்?”

“ஏட்டி, பொழைக்கத் தெரியாத பிள்ளையால்லா இருக்க” என்றார் மூத்த மெக்கானிக், என்னைக் கடந்து போகும்போது. அவரும் சந்தோஷமாக இல்லை.

அன்றிலிருந்து முன்மேசை. வணக்கம், சொல்லுங்க சார். பின்னால் யாரோ கைப்பம்பை அடிக்கும் சத்தம் கேட்கும். எத்தனை அடி அடித்தார்கள் என்று என் மனம் எண்ணும். முள் நிற்கிறதா இறங்குகிறதா என்று எழுந்து போய்ப் பார்க்க முடியாது. சந்தைக்கு வந்த அம்மாவிடம் விசாரிக்கச் சொல்லியிருந்தேன். சாவி இன்னும் பெரியவர் கைக்குத் திரும்பவில்லை என்றாள். வண்டிக்கு உறை போட்டு மூடியிருக்கிறார்களாம். அவர் அதன் பக்கமே போவதில்லையாம்.

இரண்டு வாரம் அப்படி இருந்தேன். பிறகு மதியச் சாப்பாட்டு நேரத்தில் வெளியே போய்த் திருவனந்தபுரத்தில் ஒரு பெரிய பட்டறைக்குப் போன் செய்தேன். இப்போதைய வேலையை ஏன் விடுகிறீர்கள் என்று அங்கே இருந்தவர் கேட்டார். வேறு காரணம் ஒன்று தயாராக வைத்திருந்தேன். ஆனால் நடந்ததை நடந்தபடியே, நான் பொய் சொன்னதையும் விடாமல் சொன்னேன். கேட்டுவிட்டு அவர், “செவ்வாய்க்கிழமை வாங்க, பம்பு மாத்திக் காட்டணும்” என்றார். எடுப்பார்களா என்று தெரியாது. நேற்று அண்ணாச்சியிடம் ராஜினாமாக் கடிதத்தைக் கொடுத்தேன். செவ்வாய்க்கிழமை காலை ரயிலுக்கு டிக்கெட் எடுத்துவிட்டேன்.